கேள்வி கேட்காத முகவர்

திருப்பலி முடிந்து அறிவித்தல்கள் வாசிக்கும் நேரத்தில் பாதர் எங்கள் பெயரைச் சொன்னார். தீ விபத்தில் வீட்டை இழந்து நிற்கும் செபமாலை, றெஜினா குடும்பத்துக்காகக் கோயில் வாசலில் ஒரு பெட்டி வைக்கப்பட்டிருக்கிறதாம். அதில் முதல் உறையைப் போட்டவர் எங்கள் எல்லோரின் அன்புக்குரிய மைக்கலாம். சனம் முழுக்கத் திரும்பி மைக்கல் அண்ணையைப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்து நெஞ்சில் கை வைத்தார். எனக்கு வந்த கோபத்தில், நற்கருணை வாங்கிய வாயால் என்னவெல்லாம் சொல்லியிருப்பேனோ தெரியாது. பக்கத்தில் என் கணவர் கண்கலங்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்தால் ஆளாளுக்கு என் கையைப் பிடிக்கிறார்கள். "மைக்கல் அண்ணை இருக்குமட்டும் நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்று ஒருத்தி. "அந்த மனுசன் மட்டும் இல்லாட்டி எங்கட சனம் இந்த ஊரில என்ன பாடு பட்டிருக்கும்" என்று இன்னொருத்தி. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான் நடக்கிறது. கிள்ளுப்பட்ட பிள்ளை நான். தொட்டில் ஆடுவதற்கு நன்றி சொல்லு என்கிறார்கள்.

என் வீட்டில் தீப்பிடித்தது எண்ணெயால். அதற்கு நான் ஒருவரையும் நோகவில்லை. ஆனால் தீப்பிடித்த வீட்டுக்குக் காப்புறுதி இல்லாமல் போனது மைக்கல் அண்ணையால். இதைச் சொல்ல எங்கள் கோயில் பங்கில் ஒரு நாக்கும் இல்லை.

நான் ரோல்ஸ், பற்றிஸ் என்று பொரித்த தீன்பண்டங்கள் செய்து விற்கிறவள். பிறந்தநாள், முதல்நன்மை, சாமத்தியவீடு, செத்தவீட்டு முப்பத்தோராம் நாள், எதுவென்றாலும் எனக்குத்தான் தொலைபேசி வரும். டொலார்ட் முருகன் கோயில் திருவிழாவுக்கு வருகிற சைவக்காரர்கூட மரக்கறி ரோல்ஸுக்கு முதல் கிழமையே சொல்லிவைப்பார்கள். செபமாலை சென்-லோறானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவருடைய சம்பளத்தில் சாப்பிட்டோம், என் ரோல்ஸில் வீடு வாங்கினோம். அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் ஒரு கொண்டோ, அடுக்குக் கட்டடத்தில் எங்களுக்கென்று ஒரு சொந்த வீடு. கீழ்த்தளமும் அதற்கு அடியில் ஒரு பேஸ்மென்டும். குசினிச் சுவரை உடைத்துப் பெரிய அடுப்பு வைத்தேன், புகை இழுக்கும் கூண்டு வைத்தேன், நிலத்துக்கு மாபிள் போட்டேன். என் ஆயுளில் நான் விரும்பியபடி அமைந்தது அந்தக் குசினி ஒன்றுதான்.

வாங்குகிறபோது உறுதி எழுதுகிற நொத்தாரிசு சொல்லிவிட்டார், காப்புறுதி இல்லாமல் வீட்டுத் திறப்புக் கையில் வராது என்று. கட்டடத்தின் வீட்டுக்காரர் சங்கமும் அதையே கேட்டது. வங்கியில் ஒரு காப்புறுதி முகவரின் பெயர் தந்தார்கள். மதாம் ஜிறார் என்று ஒரு வயதான பெண். அவரிடம் நானும் செபமாலையும் போனோம்.

அந்த மனுசி முதலில் ஒரு தாளில் ஒரு பெட்டி கீறிக் காட்டினார். "கட்டடத்தின் சுவரும் கூரையும் சங்கத்தின் பொறுப்பு, அதைச் சங்கம் காப்புறுதி செய்திருக்கும். உள்ளே நீங்கள் செய்த மாற்றங்கள், உங்கள் சாமான்கள், உங்களால் அயல் வீட்டுக்கு வரும் சேதம், இதெல்லாம் உங்கள் பொறுப்பு. கொண்டோக்காரர் ஏமாறுகிற இடம் இதுதான். சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பார்கள்" என்று எனக்கு விளங்குகிற பிரெஞ்சில் ஆறுதலாகச் சொன்னார். பிறகு கேள்விகள் தொடங்கின. குசினியில் என்ன மாற்றுகிறீர்கள்? சுடுதண்ணீர்த் தாங்கி எவ்வளவு பழசு? கழிவுநீர் எப்போதாவது திரும்பி வந்திருக்கிறதா? பேஸ்மென்டை வாடகைக்கு விடுவீர்களா? வீட்டிலிருந்து ஏதாவது தொழில் செய்கிறீர்களா?

நான் வாயைத் திறக்க முதல் மேசைக்குக் கீழே செபமாலையின் கை என் முழங்காலை அமத்தியது. "பேந்து வாறம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு எழும்பிவிட்டார்.

பஸ் தரிப்பில் நின்று அவர் கொதித்தார். "உவள் என்ன பொலிஸ்காரியோ? தண்ணித் தாங்கியின்ர வயசு உவளுக்கு ஏன்? ஆர் இருக்கினம், என்ன செய்யினம், எல்லாத்தையும் தோண்டுறாள். உவளிட்டைப் போட்டால் நாளைக்கு எங்களையே மாட்டிவிடுவாள்."

"அவ கேக்கிறது தன்ர வேலைக்கப்பா" என்றேன்.

"உனக்குத் தெரியாது. கேள்வி கேக்கிறவன் ஒருத்தனும் எங்கட நன்மைக்குக் கேட்டதில்லை."

இதை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் செபமாலை இந்த நாட்டுக்கு வந்த கதை தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து இறங்கிய பொடியன்களை மைக்கல் அண்ணைதான் ஒரு அப்பார்ட்மென்டில் கூட்டிவைத்து அகதி விசாரணைக்குப் பழக்குவார். அவர் முன்னதாகவே வந்தவர், பிரெஞ்சு தெரிந்தவர். அவர் படிப்பித்த பாடம் ஒன்றுதான்: "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. கூடக் கதைச்சால் மாட்டுப்படுவாய். இக்கட்டாய் வந்தால் ஞாபகம் இல்லையெண்டு சொல்லு." செபமாலை அந்தப் பாடத்தை அட்சரம் பிசகாமல் சொல்லி விசாரணையில் வென்றார். அதில் நான் பிழை சொல்லமாட்டேன். அந்த நேரத்துக்கு அது சரியான பாடம்தான்.

ஆனால் விசாரணை முடிந்தும் அவருக்கு விசாரணை முடியவில்லை. டொக்டரிடம் போனாலும் விசாரணைதான், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் விசாரணைதான். எங்கே வலிக்கிறது என்று டொக்டர் கேட்டால் வயிறு என்பார். எப்போதிருந்து என்று கேட்டால் ஞாபகம் இல்லை என்பார். மருந்து இல்லாமல் வீட்டுக்கு வந்து என்னிடம் முனகுவார். அவர் மட்டுமில்லை, எங்கள் சனத்தில் பாதிப்பேர் இப்படித்தான். மைக்கல் அண்ணை அதற்குப் பிறகு காப்புறுதி முகவரானார். அவரிடம் பழகிய பொடியன்கள் எல்லோரும் அவரிடமே வாடிக்கையாளர் ஆனார்கள். எங்கள் மகள் லக்சனாவுக்கு அவர் ஞானத்தகப்பன். வேறு எங்கே போவோம்?

மைக்கல் அண்ணை ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்தார். தேத்தண்ணி ஊற்றினேன், சுடச்சுட ரோல்ஸ் வைத்தேன். மடிக்கணினியைத் திறந்து அவரே கேள்வியை வாசித்தார், அவரே மறுமொழியும் போட்டார். எங்களை ஒன்றும் கேட்கவில்லை. செபமாலைக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை முகத்தில் பார்த்தேன். குசினியில மாற்றம், இல்லை. வாடகைக்கு ஆக்கள், இல்லை. வீட்டில தொழில், இல்லை.

நான் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன். "அண்ணை, நான் ரோல்ஸ் விக்கிறனான் எல்லோ" என்றேன்.

அவர் ரோல்ஸைக் கடித்தபடியே சிரித்தார். "உதொரு தொழிலே தங்கச்சி? வீட்டில இருக்கிற பொம்பிளையள் பொழுதுபோக்குக்குச் செய்யிறது. உதைச் சொன்னால் கம்பெனி நூறு கேள்வி கேக்கும், காசும் கூடும். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. மறந்திட்டியளே?"

செபமாலையும் சேர்ந்து சிரித்தார். பழைய வகுப்புப் பாடத்தை வாத்தியார் வந்து நினைவுபடுத்தியது போல அவருக்கு ஒரு சந்தோசம். கம்பெனி கேட்டிருக்கிறதே, கேட்டதற்கு மறுமொழி ஓம் என்றல்லவா வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் உன்னியது. வீட்டுக்கு வந்த மனுசரோடு வாதாடக் கூடாது என்று விட்டுவிட்டேன். என் தொழிலை வாயில் போட்டு மென்றுகொண்டே, தொழில் இல்லை என்று பதிந்து, செபமாலையின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு போனார் மைக்கல் அண்ணை. போகும்போது மிச்ச ரோல்ஸைப் பையில் கட்டிக் கொடுத்துவிட்டதும் நான்தான்.

இந்த மாசியில் ஒரு கலியாணவீட்டு ஓடருக்குப் பொரித்துக்கொண்டிருக்கும்போது தாச்சி எண்ணெய் பற்றியது. மூடியைப் போட்டேன். அதற்குள் நெருப்பு கூண்டுக்குள் ஏறிவிட்டது. தீயணைப்புக்காரர் வந்து அடித்த தண்ணீர் பேஸ்மென்டுக்குள் இறங்கியது. மேல்வீட்டுக் கிழவரின் சுவரெல்லாம் புகை. ஆருக்கும் ஒரு கீறலும் இல்லை, கர்த்தருக்குத் தோத்திரம்.

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து கரிப்பிடித்த குசினியில் நின்றார். அடுக்கடுக்காய் இருந்த தட்டுகளையும் பாதி எரிந்த ரோல்ஸ் பெட்டிகளையும் பார்த்து, இது என்ன மதாம் என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். இரண்டு கிழமையில் மறுமொழி வந்தது. இங்கே உணவு செய்து விற்பது தெரிந்திருந்தால் இந்த வீட்டை நாங்கள் எடுத்தே இருக்கமாட்டோம், ஆகவே ஒன்றும் தரமாட்டோம் என்றார்கள்.

கட்டடத்தின் சுவரைச் சங்கத்தின் காப்புறுதி திருத்துகிறது. ஆனால் சங்கம் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கை எங்களிடம் கேட்கிறது, மேல்வீட்டுக்காரர் தன் சேதத்துக்குக் கேட்கிறார், என் குசினி கரியாய்க் கிடக்கிறது. வேறு எந்தக் கம்பெனியும் எங்களை எடுக்காது. காப்புறுதி இல்லாத வீட்டுக்கு வங்கி கடன் வைத்திருக்காது. கோடை முடிவதற்குள் கொண்டோவை விற்பது என்று செபமாலை முடிவெடுத்துவிட்டார். நாங்கள் லவாலில் என் தங்கச்சியின் பேஸ்மென்டில் இருக்கிறோம். அவளுடைய குசினியில் ஒரு முட்டை பொரிக்கவும் அவளிடம் கேட்க வேண்டும்.

பாதர் பெட்டி வைத்த அடுத்த நாள் நான் மெற்றோ பிடித்து மதாம் ஜிறாரிடம் தனியாகப் போனேன். எங்களை எடுக்க ஒரு கம்பெனியும் இல்லையா என்று கேட்பதுதான் என் எண்ணம். அவருக்கு என்னை நினைவில்லை. மறுபடி அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டார். இந்த முறை முழங்காலில் ஒரு கையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னேன். உங்கள் தொழில் என்ன என்று கேட்டதும், தீன்பண்டம் செய்து விற்கிறேன் என்றேன். எத்தனை வருடமாய் என்று கேட்டார், என்ன எண்ணெய், எவ்வளவு பெரிய தாச்சி, தீயணைப்பான் இருந்ததா என்று கேட்டார். அப்போதே சொல்லியிருந்தால் வீட்டுக்கு ஒன்றும் தொழிலுக்கு ஒன்றுமாக இரண்டு காப்புறுதி போட்டிருப்பேன், கொஞ்சம் கூட வந்திருக்கும், அவ்வளவுதான் என்றார். இந்த நாட்டில் என் வேலையைப் பற்றி ஒருவர் இவ்வளவு கரிசனையாய் விசாரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தொழில் இல்லை என்று போடச் சொன்னது யார்?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"உங்கள் முகவருக்கும் ஒரு காப்புறுதி இருக்கிறது, தெரியுமா? முகவர் பிழையாய் ஆலோசனை சொல்லி வாடிக்கையாளருக்கு நட்டம் வந்தால் அதைக் கட்டுவதற்கென்றே இருப்பது. அது இல்லாமல் இங்கே ஒருவரும் முகவராக இருக்க முடியாது. முகவர்களைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு முறையிடுங்கள். கையெழுத்து உங்கள் கணவருடையது, ஆகவே அவரைத்தான் முதலில் விசாரிப்பார்கள். நடந்ததை அவர் சொன்னால் போதும்."

நடந்ததைச் சொன்னால் போதும். என் வீடு எனக்குத் திரும்பி வர அவ்வளவுதான் வேண்டும். இது மைக்கல் அண்ணைக்குத் தெரியாதா? வருடாவருடம் தன் பேரில் கட்டுகிறவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டே வாய் திறக்காமல், இரவு வேலைக்குப் போய் முதுகொடிகிற எங்கள் சனத்தின் மடியில் கைவைத்து, கோயில் வாசலில் பெட்டி வைப்பித்து, முதல் உறையையும் போட்டு, பாதர் வாயால் பேரும் வாங்கிக்கொண்டார். லவாலுக்குத் திரும்பியதும் மதாம் ஜிறார் காட்டித் தந்தபடி முறைப்பாட்டை அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மைக்கல் அண்ணை பேஸ்மென்டுக்கு வந்தார். கையில் உறைகள் நிறைந்த பை. செபமாலை கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் தேத்தண்ணி ஊற்றவில்லை.

"அண்ணை, உங்களுக்கும் காப்புறுதி ஒண்டு இருக்காம்" என்றேன்.

அவருடைய முகம் செத்துப்போனது. "ஆர் சொன்னது?"

"ஆரோ சொன்னது. இருக்கோ இல்லையோ?"

"இருக்கு. அதுக்கு?"

"எங்களுக்கு இப்பிடி நடந்து எத்தினை மாசம்? அதைப் பற்றி ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"றெஜினா, வாயை மூடு" என்றார் செபமாலை.

மைக்கல் அண்ணை அவரைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "தங்கச்சி, அதைத் தொட்டால் என்ர லைசென்ஸ் போகும். இந்த வயசில நான் எங்க போறது? அதோட விடுவாங்களே? என்னட்டை இருக்கிற மற்றக் குடும்பங்களையும் கிளறுவாங்கள். அதுகளிலயும் எத்தினை பேர் பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருக்குதுகள், பிள்ளை பாக்குதுகள், தைக்குதுகள். எல்லாருக்கும் இல்லை எண்டுதான் போட்டிருக்கு. குறைச்சுப் போடுங்கோ அண்ணை எண்டு வந்து நிண்டது ஆர்? நீங்கள் எல்லாரும்தான்."

"நான் நிக்கேல்லை. நான் தொழில் செய்யிறன் எண்டு சொன்னனான். நீங்கள் சிரிச்சனீங்கள்."

அவர் உறைப் பையை மேசையில் வைத்தார். எழும்பினார். கதவடியில் நின்று செபமாலையின் தோளில் கை வைத்தார். "தம்பி, நான் உங்கள் ஒருத்தரையும் ஒருநாளும் காட்டிக்குடுக்கேல்லை. அதை மட்டும் நினைச்சுக்கொள்."

சொல்ல வேண்டிய இடம் பார்த்துச் சொன்னார். செபமாலையின் தமையனை ஊரில் பிடித்துக்கொண்டு போனது ஒரு தலையாட்டியால். சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு ஆமி வாகனத்தில் இருந்தவன் தலையை ஆட்டினான், வரிசையில் நின்ற தமையனை ஏற்றினார்கள், அதோடு சரி. இதை மைக்கல் அண்ணைக்குச் சொன்னதும் செபமாலைதான், விசாரணைக்குப் பழகிய காலத்தில். முப்பது வருடம் கழித்து அந்தப் புண்ணிலேயே விரலை வைத்துவிட்டுப் போகிறார்.

அவர் போன பிறகு செபமாலை உறைகளைப் பார்த்தபடி இருந்தார். முறைப்பாட்டை அனுப்பிவிட்டேன், உங்களைத்தான் விசாரிப்பார்கள் என்று சொன்னேன். "என்னைத் தலையாட்டியாக்கப் பாக்கிறாய்" என்றார்.

"தலையாட்டி ஒண்டும் செய்யாதவனைக் காட்டிக்குடுத்தவன். உங்களை நான் நடந்ததைத்தான் சொல்லச் சொல்லுறன்."

"சனம் வித்தியாசம் பாக்காது."

"சனம் வந்து எனக்குக் குசினி கட்டித் தருமோ?"

"கட்டித் தரும். தாறாங்கள்தானே" என்று உறைகளைத் தள்ளினார். அதில் எந்த உறை இரவு வேலைக்குப் போகிற மெலனியுடையது, எது கால் வருத்தத்தோடு கோட்டல் அறை துடைக்கப் போகிற ஹென்றியின் மனுசியுடையது என்று எனக்குக் கையெழுத்தைப் பார்த்தே தெரியும். வெட்கப்பட்டது நான். வெட்கப்பட வேண்டியவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து நானும் அவரும் தேவைக்கு மட்டும் கதைத்தோம். செபமாலை கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி. வாங்கின சம்பளத்தை என் கையில் தருகிறவர், என் கால் வீங்கினால் எண்ணெய் பூசிவிடுகிறவர். ஆனால் நல்லவர்களின் பயத்தில்தான் மைக்கல் அண்ணை போன்றவர்கள் காலம் தள்ளுகிறார்கள் என்பதை நினைக்கும்போது, அந்த நல்ல குணத்தின் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

கண்காணிக்கும் அலுவலகத்திலிருந்து தொலைபேசி எடுக்கும் நாளை முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். செபமாலை வேலையிலிருந்து நேரத்தோடு வந்தார். முகம் கழுவி, சட்டை மாற்றி, சீப்பால் தலை இழுத்துக்கொண்டு மேசையில் இருந்தார். தொலைபேசிக்கு எதற்கு நல்ல சட்டை? அவர் விசாரணைக்குப் போகிறார் என்று விளங்கியது. மேசையில் கைபேசியை ஸ்பீக்கரில் வைத்தோம். நான் எதிரே இருந்தேன்.

விசாரிக்கிற அதிகாரி பிரெஞ்சில் கேட்டார். மொழிபெயர்க்கிற பெண் சென்னைத் தமிழில் சொன்னாள். பெயர், முகவரி, தீப்பிடித்த நாள் எல்லாவற்றுக்கும் செபமாலை சுருக்கமாய், தெளிவாய் மறுமொழி சொன்னார். முதுகு நிமிர்ந்திருந்தது. முப்பது வருடத்துக்கு முன் அவர் எப்படி இருந்திருப்பார் என்று அந்த நிமிடத்தில் கண்ணால் பார்த்தேன்.

"சார், உங்க வீட்ல உங்க மனைவி சமையல் பண்ணி விக்கிறாங்கன்னு ஏஜென்ட்டுக்குத் தெரியுமா?"

"ஞாபகம் இல்லை."

"அதைச் சொல்ல வேணாம்னு ஏஜென்ட் உங்க கிட்ட சொன்னாரா?"

செபமாலை என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார். "ஞாபகம் இல்லை."

அதிகாரி ஏதோ எழுதும் சத்தம் கேட்டது. எனக்குத் தலைக்குள் இரத்தம் ஏறியது. ஆனாலும் பொறுத்தேன். அவருடைய தமையனுக்காகப் பொறுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாபகம் இல்லை என்று சொல்லட்டும், அது பொய் என்றாலும் அவருடைய பொய். இன்னொரு வழி பார்ப்பேன் என்று பல்லைக் கடித்தேன்.

"சரி சார். ஏஜென்ட் வந்தப்போ நீங்க ரெண்டு பேரும் பேசினதைக் கேட்டவங்க யாராவது இருந்தாங்களா? வீட்ல வேற யாராவது?"

செபமாலை சட்டையின் கழுத்தை இழுத்துவிட்டார். கேட்டதற்கு மட்டும் மறுமொழி. "இல்லை" என்றார். "ஒருத்தரும் இருக்கேல்லை."

வீட்டில் தொழில், இல்லை. வீட்டில் ஆள், அதுவும் இல்லை. தட்டை ஏந்திக்கொண்டு நின்றவள் ஆர்? அந்த வீட்டுக்கு மாபிள் போட்டவள் ஆர்? நான் கையை நீட்டிக் கைபேசியை என் பக்கம் இழுத்தேன். செபமாலை என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுக்கமாய்த்தான் இருந்தது, ஆனால் கண்கள் கெஞ்சின. நான் விடவில்லை.

"நான் இருந்தனான்" என்றேன்.

மறுபக்கத்தில் அதிகாரி பிரெஞ்சில் ஏதோ கேட்டார். பிறகு அந்தப் பெண், "யாரு பேசறது?" என்று கேட்டாள்.

"றெஜினா. செபமாலையின்ர மனுசி. அந்த வீட்டில ரோல்ஸ் செய்து விக்கிறவள். கேக்க வேண்டியதை என்னட்டைக் கேளுங்கோ, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

செபமாலையின் கை என் மணிக்கட்டிலிருந்து கழன்றது. அவர் எழும்பிப் போகவில்லை, கதிரையிலேயே இருந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் சமைத்து விற்பது முகவருக்குத் தெரியுமா என்று அதிகாரி மறுபடி கேட்டார். நான் ஓம் என்றேன்.